நாலாவது பந்துவீச்சாளர்

ஓட்லியில் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கடையடைப்பது பழைய வழக்கம். மற்ற கடைக்காரர்கள் அதைக் கைவிட்டுப் பல வருடங்களாகிவிட்டன. கசாப்புக் கடை நோரீன் சக்டன் மட்டும் விடவில்லை. கதவில் பலகையைத் திருப்பி மாட்டுவார், வெட்டுமேடையைச் சுரண்டிக் கழுவுவார், பின்னறையில் நான்கு நாற்காலிகளை இழுத்துப் போடுவார். டெஸ்ட் போட்டிக்கு முந்தைய புதன் என்றால் ஒன்றரை மணிக்குள் நான்கு நாற்காலியும் நிரம்பிவிடும். இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுப்பது அந்த நான்கு பேரின் வேலை. இங்கிலாந்துக்கு அது இன்றுவரை தெரியாது.

இந்தப் புதன்கிழமை, ஏழு மாதத்துக்குப் பிறகு, கிளிஃபோர்ட் ஹெய்ன்ஸ்வொர்த் வந்திருந்தார். நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை பாதி திரும்பிவிட்டது. கால் ஏறக்குறைய முழுதும் திரும்பிவிட்டது. பேச்சுதான் வழியில் எங்கோ நின்றுவிட்டது. முப்பத்து நான்கு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பேசியே பிழைத்தவர். இப்போது தேநீர் என்று சொல்ல நினைத்தால் ஏணி என்று வரும். சொல்ல வேண்டியது தலைக்குள் முழுசாக இருக்கும்; வாசல்வரை வந்து, ஆள் மாறிப் போய்விடும்.

பந்துவீச்சாளர்களின் பெயர்கள் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தன. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், கிளிஃபோர்டின் மகளுடைய புகைப்படத்தைக் காட்டியபோது பெயர் வரவில்லை. செய்தித்தாளில் ஒரு பந்துவீச்சாளரின் படத்தைக் காட்டியதும் பட்டென்று வந்தது. அவர் கூனிக்குறுகிப் போனார். மகள் ஜில்தான் படுக்கையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "நானும் நாலு விக்கெட் எடுத்திருந்தா ஞாபகம் வெச்சிருப்பீங்க, இல்லப்பா?" அந்தச் சிரிப்புக்காக அவளுக்குக் கோயில் கட்டலாம் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

எல்லோருக்கும் அவர் கடன்பட்டிருந்தார். சட்டைப் பொத்தான்களை மாட்டிவிடும் மனைவி சாண்ட்ரா, மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வீட்டுக்கே கொண்டுவந்து தரும், நால்வரில் ஒருவரான ஷஃபீக், தோட்டத்துப் புல்லை வெட்டிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் நல்லவர்கள். ஆனால் ஏழு மாதமாக ஒருவர்கூட அவரை மறுத்துப் பேசவில்லை. அவர் ஒரு வார்த்தையை ஆரம்பித்தால் போதும், அவர்களே முடித்துவைத்து, அதற்கு ஆமாமும் போட்டுவிடுவார்கள். ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று, கொட்டுகிற மழையில் வேலியோரம் நின்று, "நல்ல... வெயில்" என்றார். "அருமையான வெயில், கிளிஃப்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட. 

அதனால்தான் இன்று பேருந்தில் ஏறவே அவர் தயங்கினார். நோரீனின் பின்னறையில் ஒரு விதி உண்டு: காரணம் சொல்லாமல் எந்தப் பெயரும் தாளில் ஏறாது. காரணத்தை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்றில், நால்வரில் இன்னொருவரான கோர்டன் பிக்கிள்ஸ், தலைமுடி நன்றாயிருக்கிறது என்பதற்காக ஒரு ஆட்டக்காரரைச் சேர்க்கப் பார்த்தபோது கிளிஃபோர்டே கொண்டுவந்த விதி அது. பெயர் அவரிடம் இருந்தது. காரணமும் இருந்தது. வாய்தான் இல்லை. விதிப்படி பார்த்தால் அவருக்கு அந்த நாற்காலியில் இனி வேலையில்லை. விதியைத் தளர்த்தினால் அது இன்னும் மோசம். பொம்மையைச் சாய்த்துவைப்பதுபோல அவரையும் ஓர் ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள்.

மேசையில் கறி மடிக்கும் வெள்ளைத் தாள் விரிந்திருந்தது. பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பை என்ற பண்டம் மூன்று தட்டில்; ஷஃபீக் எப்போதும்போல வீட்டிலிருந்து சமோசா கொண்டுவந்திருந்தார். இந்த முறை ஆட்டம் லீட்சில். ஏழு மட்டையாளர்கள் இருபது நிமிடத்தில் முடிந்தார்கள். வேகப்பந்து வீச்சாளர்கள் மூவரிலும் தகராறில்லை. நாலாவது பந்துவீச்சாளரில் வண்டி நின்றது.

"பாஸ்க்" என்றார் கோர்டன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மென்மையான மனிதர். "இருபத்திரெண்டு வயசு. போடற பந்து நெஞ்சுக்கு எகிறுது."

"எகிறும். எங்க எகிறும்னு அவனுக்கே தெரியாது" என்றார் நோரீன். எழுபதுகளில் மாவட்டப் பெண்கள் அணிக்குப் புதுப்பந்து வீசியவர்; கத்தி பிடிக்கும் கையில் இன்னும் அந்தப் பலம் இருந்தது. "ஆனா லீட்ஸ்ல மேகம் தொங்கினா எனக்கும் அவன்தான். ஷஃபீக்?"

"நான் யோசிச்சிட்டு இருக்கேன்."

"நீ முப்பது வருஷமா யோசிச்சிட்டுதான் இருக்க. கிளிஃப், நீ?"

"லாட்டிமர்" என்றார் கிளிஃபோர்ட்.

தெளிவாக வந்தது. லாட்டிமர் சுழற்பந்து வீச்சாளர். லீட்சில் சுழற்பந்து வீச்சாளரைச் சேர்ப்பது குளிக்கும்போது குடை பிடிப்பதற்குச் சமம் என்று முப்பது வருடமாகச் சொல்லிவந்தவர் கோர்டன். அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதம், கிளிஃப். எவ்வளவு தெளிவா சொல்றீங்க பாருங்க. லாட்டிமர்னே வெச்சுக்கலாம்." பென்சிலை எடுத்தார்.

நீங்களாமே. முப்பது வருடமாக வாடா போடா என்றவன். கிளிஃபோர்ட் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தாளைத் தொட்டால் எல்லாம் முடிந்தது.

"பென்சிலக் கீழ வை, கோர்டன்" என்றார் நோரீன். "காரணம்?"

"நோரீன், உனக்கு மனசாட்சி இருக்கா? அவரைச் சிரமப்படுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்ப டாக்டரே வந்து டீம் போடட்டும். காரணம் இல்லாம எந்தப் பேரும் இதுல ஏறாது. விதியப் போட்டதே இவன்தான். என்னப்பா, நீதான?"

கிளிஃபோர்ட் தலையசைத்தார்.

"அப்ப சொல்லு" என்றுவிட்டு நோரீன் தன் பன்றிக்கறிப் பண்டத்தை நான்காக வெட்டி, ஒரு துண்டை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தார். கிளிஃபோர்டின் முகத்தைப் பார்க்கவில்லை. தலையாட்டி ஊக்கப்படுத்தவில்லை. எப்போதாவது வரும் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

முதலில் கிளிஃபோர்டுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பயம். வாயைத் திறந்தார். "ஏணி."

"ஏணி இல்ல" என்றார் நோரீன், மென்றுகொண்டே. "வேற."

கிளிஃபோர்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு மாதத்தில் யாரும் அவரிடம் அது ஏணி இல்லை என்று சொன்னதில்லை. எல்லோரும் ஏணியைத் தேடிக்கொண்டு போனார்கள்.  அவருடைய வலது கால், தானாகவே, தரையை அழுத்தியது. பயில்பவர் பதறும்போதெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்து அவர் அழுத்திய அதே அழுத்தல்.

"பிரேக்" என்றார்.

"பிரேக்கா?" என்றார் கோர்டன்.

"ஒரு... பக்கம். பிரேக்." இடது கையால் கடுகுச் சாந்துப் பாட்டிலை எடுத்து மேசையின் ஒரு கோடியில் வைத்தார். மறுகோடியில் மூன்று கரண்டிகள். கரண்டிகளைத் தொட்டுக்காட்டி, வாயை ஊதி, மூச்சு வாங்கிக் காட்டினார். "மூச்சு... வாங்க..."

"ஓ, புரிஞ்சிடுச்சு" என்று ஷஃபீக் முன்னால் சாய்ந்தார். "அவன் என்ன சொல்ல வர்றான்னா..."

"ஷஃபீக், சமோசாவத் தின்னு" என்றார் நோரீன். "அவன் சொல்லட்டும்."

கிளிஃபோர்ட் கண்ணை மூடினார். லீட்சின் ஹெடிங்லி மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். மேலிருந்து ஓடிவந்து வீசுகிறவனுக்குக் கொண்டாட்டம். கீழிருந்து மேட்டைப் பார்த்து ஓடுகிறவனுக்கு மதியத்துக்குள் முட்டி தேய்ந்துவிடும். இவ்வளவும் உள்ளே பளிச்சென்று தெரிந்தது. வெளியே ஒவ்வொன்றாகத்தான் வந்தது. "மேடு" என்றார். வெகுநேரம் கழித்து, "மேட்டுப் பக்கம்... லாட்டிமர்." பிறகு, "நாள் பூரா." நெற்றியில் வியர்த்தது. "ரன்... தர மாட்டான். மூணு பேரும்... இறக்கத்துல. மாத்தி... மாத்தி."

அவ்வளவுதான். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. தேநீர் ஆறிப்போயிருந்தது.

நோரீன் விரலைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். லாட்டிமர் என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதினார்.

"காரணம்தான். ஒத்துக்கறேன்" என்றார். பிறகு நாற்காலியை முன்னே இழுத்தார். "ஆனா சுத்தத் தப்பு. உனக்கு எதுக்குப் பிரேக்? லீட்ஸ்ல பந்து காத்துல நெளியுது. நாலு பேர் இருந்தா ஒவ்வொருத்தனும் அஞ்சு ஓவர் போட்டா போதும், எவனுக்கும் முட்டி தேயாது. உன் லாட்டிமர் மேட்டுப் பக்கம் நாள் பூரா போடுவான்கிற. அதுக்கு ஆட்டம் நாள் பூரா நடக்கணும்ல? எதிரணி டீக்கு முன்னாலயே ஆல் அவுட். லாட்டிமர் எல்லைக்கோட்டுல நின்னு கைய பாக்கெட்டுல விட்டுட்டு நிப்பான். கடைசியா நீ சொன்ன ஸ்பின்னர் யாரு, ஞாபகமிருக்கா? ரெண்டு நாள் ஃபீல்டிங் மட்டும் பண்ணிட்டு சளி பிடிச்சு வீட்டுக்குப் போனானே, அவன்தான?"

ஒவ்வொரு வாக்கியமும் அவர் மேல் வந்து விழுந்தது. குளிர்காலம் முடிந்து முதல்முறையாகத் தோட்டத்தில் வேலை செய்த நாளில் உடம்பெல்லாம் வலிக்குமே, அப்படி ஒரு சுகமான வலி. இந்தப் பெண்மணி தன்னைத் தோற்கடிக்க இவ்வளவு பாடுபடுகிறாரே என்று கிளிஃபோர்டுக்குக் கண் கலங்கியது.

"பாரு, அழவெச்சுட்ட" என்றார் கோர்டன். "என் ஓட்டு லாட்டிமருக்குத்தான்."

"காரணம்?" என்றார் நோரீன்.

"காரணம்... கிளிஃப் சொன்னதுதான்."

"அது கிளிஃப் காரணம். உன்னோடது?"

கோர்டன் சமோசா ஒன்றை எடுத்துக்கொண்டார். அவர் ஓட்டு அடிபட்டது. பக்கவாதம் வராத வாய்க்கும் காரணம் வரவில்லை என்பதில் கிளிஃபோர்டுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஷஃபீக் கடைசியில் யோசித்து முடித்தார். "மன்னிச்சுக்க, கிளிஃப்" என்றார். "உன் பிரேக் நல்ல பிரேக். ஆனா வண்டி மூணாம் நாள் மத்தியானமே வீடு போய்ச் சேர்ந்துடும். என் ஓட்டு பாஸ்க்குக்கு."

இரண்டுக்கு ஒன்று. லாட்டிமர் பெயரின் குறுக்கே நோரீன் அழுத்தமாகக் கோடு போட்டார். "தோத்துட்ட" என்றார்.

"ஆமா" என்றார் கிளிஃபோர்ட். அந்தச் சொல் எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது. மாத்திரை பிரித்துத் தருகிற கையாலேயே எதிர்த்து ஓட்டுப் போட்ட ஷஃபீக்கின் தோளைத் தட்டினார்.

கலைந்தார்கள். கிளிஃபோர்ட் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். நோரீனுக்கு ஒரு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எதற்கு என்று எப்படிச் சொல்வது? சொற்களை அடுக்கிப் பார்த்தார். அவை அடுக்குக்குள் நிற்காமல் வேறெங்கோ ஓடின. மேகம் தொங்கும் என்கிறாள். மேகம் தொங்கினால் எதிரணித் தலைவன் மட்டும் குருடனா? டாஸ் அவன் கையில் விழுந்தால்? முதலில் நம்மை ஆடச் சொல்வான். நாம் இரண்டு நாள் தாக்குப்பிடித்துவிட்டால் நம் பந்துவீச்சு மூன்றாம் நாள். அதற்குள் தரை காய்ந்திருக்கும், பந்து சுழலும்.

பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் அவரைப் பார்த்ததும் படியைத் தாழ்த்தினார். கிளிஃபோர்ட் இடது கையை உயர்த்தி, போ என்று சைகை காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

கடைக்குள் நோரீன் ஈரத் துடைப்பத்தோடு நின்றிருந்தார். கண்ணாடியைத் தட்டியதும் வந்து திறந்தார். "என்ன, குடைய விட்டுட்டியா?"

"டாஸ்" என்றார் கிளிஃபோர்ட். மேட்டில் ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது. "டாஸ்... தோத்தா?"

 நோரீன் துடைப்பத்தை வாளியில் சாய்த்தார். அவர் அதை யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஓட்டு முடிஞ்சாச்சு" என்றார்.

"தெரியும்."

"பேரு மாறாது."

"தெரியும்."

நோரீன் வாளியைக் காலால் நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். "ஈரத்துல கால வைக்காத, அங்கயே நில்லு. சரி, டாஸ் தோத்துட்டோம். அப்புறம்?"