ஏக விநியோகஸ்தர் வீட்டுப் பச்சிலை

எண்பத்தொன்பதாம் வருஷத்தில் ராஜபாளையத்துக் கொசுக்களுக்கு ஒரு எதிரி இருந்தான் என்றால் அது நான்தான். இதை நானாகச் சொல்லவில்லை, என் கடை வாசலில் தொங்கிய தகர போர்டு சொன்னது. 'நித்திரா கொசுவர்த்திச் சுருள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களுக்கு ஏக விநியோகஸ்தர்: சி. வைகுண்டராஜ்.' பெயர் மட்டும் சிவப்பு எழுத்தில். நீலமே போதும் என்றார் பெயிண்டர். நான் விடவில்லை.

அந்தச் சிவப்புக்கு ஒரு காரணம் உண்டு. என் அண்ணன் சுயம்புலிங்கத்துக்கு பஜாரில் பெரிய மளிகைக் கடை. எனக்கு மில்லுக்குப் பின்னால் உள்ள தெருவில் சின்னக் கடை. அதையும் அண்ணன்தான் வைத்துக் கொடுத்தார், சரக்கும் அவர் கடையிலிருந்துதான் வரும். ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சுயம்புலிங்கம் தம்பி' என்பார்கள். என் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சுயம்புலிங்கம் தம்பி கல்யாணம் என்று சொல்லித்தான் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் கை படாமல் எனக்கு வந்தது இந்த ஏஜென்சி ஒன்றுதான். அது நிலைத்தால் நான் வைகுண்டராஜ். போய்விட்டால் மறுபடியும் தம்பி.

ஆரம்பத்தில் வியாபாரம் அமோகமாக இருந்தது. எங்கள் தெருச் சாக்கடை அப்படி. சாயங்காலமானால் கொசு காதுக்குள் வந்து குசலம் விசாரிக்கும். சனங்கள் அரிசி வாங்க மறந்தாலும் கொசுவத்தி வாங்க மறக்கவில்லை. கெடுதல் வெளியிலிருந்து வரவில்லை, என் வீட்டுப் புறவாசலிலிருந்துதான் முளைத்தது.

என் மனைவி அழகுத்தாய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வன்னியம்பட்டி. ஏஜென்சிக்காரன் பெண்டாட்டி என்ற பொறுப்போடு அவளும் தினமும் சாயங்காலம் சுருள் கொளுத்தி வைப்பாள். உடனே எனக்கு இருமல் வரும். விடிகிறவரை நெஞ்சுக்குள் விசில் அடிக்கும்.

"இந்தப் புகை ஒங்களுக்கு ஒத்துக்கிடல" என்றாள்.

"ஏட்டி, புகையாவது மண்ணாவது. கடையில மல்லி வத்தல் தூசி" என்றேன். ஏக விநியோகஸ்தன் வேறு எப்படிச் சொல்ல முடியும்?

தன் ஊர்க் கோயில் கொடைக்குப் போனவள் திரும்பி வரும்போது ஈரத்துணியில் ஒரு கட்டுக் கொப்பு சுற்றிக்கொண்டு வந்தாள். துன்னூத்துப்பச்சை. புத்தகத்தில் திருநீற்றுப்பச்சிலை என்று போட்டிருப்பார்கள். துணி துவைக்கிற கல்லை ஒட்டித் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வரிசையாக ஊன்றினாள். வேர் பிடிக்கிறவரை ஓலைத்தட்டியை நிழலுக்குச் சாய்த்து வைத்தாள். கதிர் விட்டால் விடமாட்டாள், கிள்ளி எறிந்துவிடுவாள். பூக்க விட்டால் இலை சிறுத்துப்போகுமாம். அவள் கிள்ளக் கிள்ளச் செடி வீம்புக்குப் படர்ந்தது. ஒரு மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் நடக்கும்போது வேட்டி உரசினால் போதும், வீடு முழுக்க மணக்கும்.

சாயங்காலம் ஒரு கொத்தைக் கசக்கிப் பிள்ளைகள் கைகாலில் தேய்ப்பாள். சன்னல் கம்பியில் நாலு கொத்து, தலைமாட்டில் இரண்டு கொத்து. சுருள் கொளுத்துவது தானாக நின்றுபோனது. நான் இருமாமல் தூங்கினேன். மல்லி வத்தலைக் கடையில் வேறு மூலைக்கு மாற்றிவைத்ததால்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் மோந்து பார்த்துவிட்டு ஒரு கொப்பு கேட்டாள். கொடுத்தாள். எதிர்வீட்டு ராஜு வீட்டம்மா தெலுங்கில் "கொஞ்சம் இய்யம்மா" என்று கையை நீட்டினார். அவருக்கும் கொடுத்தாள். அழகுத்தாய்க்குத் தெலுங்கில் தெரிந்த ஒரே வார்த்தை 'தீஸ்கோண்டி'. எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். வியாபாரி பெண்டாட்டி கற்றுக்கொள்ளவே கூடாத வார்த்தை.

ஆடி முடிவதற்குள் தெருவில் செடி இல்லாத வீடு இல்லை. உடைந்த பானை, எண்ணெய் டின், ஓட்டை வாளி, எங்கே பார்த்தாலும் அதுதான். என் கடைக்கு வருகிற பெண்கள் பச்சிலை மணக்க மணக்க வந்து பருப்பு வாங்குவார்கள். "கொசுவத்தி?" என்று கேட்டால், "வேண்டாம் அண்ணாச்சி, மதினிதான் கொப்பு குடுத்திருக்காவளே" என்பார்கள். சிவப்பு எழுத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு சொல்வார்கள்.

சரி, இந்தத் தெரு போனால் போகிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறதே என்று இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தேரடிப் பக்கம் ஒரு கடைக்காரர் நல்ல மரியாதையாக உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால், அவர் மேஜையில் கண்ணாடித் தம்ளரில் ஒரு கொத்துப் பச்சிலை.

"இது எங்கருந்து?" என்றேன்.

"வன்னியம்பட்டியிலருந்து பூ கொண்டாற பொண்ணு குடுத்தா. கொசு அண்டாதாம். அவ அக்கா வீட்டுக்காரர் ராஜபாளையத்துல கொசுவத்தி ஏஜென்சி எடுத்திருக்காராம். அவர் வீட்டுலயே இதத்தான் வச்சிருக்காவளாம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேறு வழி?

பூ விற்கிற பெண் என் சொந்தக் கொழுந்தியாள். அன்றைக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த கோபத்தில் வீட்டில் சாமியாடினேன். "இனிமே ஒரு இலை, ஒரே ஒரு இலை இந்த வீட்டு வாசலத் தாண்டக் கூடாது" என்றேன். அழகுத்தாய் "சரி" என்றாள். சொன்ன சொல் தவறாதவள், அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு இலைகூடக் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. வாங்கியவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் அண்ணன் கடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் போன் இருந்தது அங்கேதான்.

"ஏலே, ஒன் கம்பெனி சூப்பர்வைசர் மதுரையிலருந்து பேசினாரு. நாளைக்குச் சாயங்காலம் ஒன் வீட்டுக்கு வாராராம். என்னையும் வரச் சொல்லிருக்காரு" என்றார். எதற்கென்று கேட்காமலே எனக்குப் புரிந்தது. ஏஜென்சியை அண்ணன் கைக்கு மாற்றப் போகிறார்கள். பெட்டி பெட்டியாகச் சரக்கு தேங்கிக் கிடந்தால் வேறு எதற்கு வருவார்கள்?

ஒரு வாய்ப்புதான் இருந்தது. சரக்கின் மகிமையை நேரில் காட்டிவிடுவது. மறுநாள் சன்னலில் தொங்கிய கொத்துகளையெல்லாம் அவிழ்க்கச் சொன்னேன். செடி தெரியாதபடி கொடியில் போர்வையும் சேலையும் காயப்போடச் சொன்னேன். முற்றத்து நாலு மூலையிலும் நாலு சுருள். அழகுத்தாய் சொன்னதைச் செய்தாள். முகத்தில் மட்டும் எதுவோ ஒன்று இருந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

அண்ணன் முதலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்து யதிராஜன் வந்தார். கம்பெனி சூப்பர்வைசர், சின்ன வயசு, நெற்றியில் ஒற்றைக் கோடாகத் திருமண். நான் சுருள்களைக் காட்டி, "பாருங்க சார், ஒரு கொசு..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் இருமல்தான் பேசியது. நான் நிறுத்தினால் யதிராஜன் இருமினார், அவர் நிறுத்தினால் அண்ணன் இருமினார்.

"மொதல்ல அதையெல்லாம் அணைச்சுருங்கோ. தயவுசெஞ்சு" என்றார் யதிராஜன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அணைத்தேன். அதுவரை ஒதுங்கியிருந்த கொசு மொத்தமும் சாக்கடையிலிருந்த சொந்தபந்தங்களோடு வந்து இறங்கியது. அண்ணன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். சூப்பர்வைசர் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டாம்.

அழகுத்தாய் ஒரு தட்டில் பச்சிலையோடு வந்தாள். "இதக் கசக்கிக் கையில காலுல தேச்சுக்கிடுங்க சார். செத்த நேரத்துல போயிரும்" என்றாள். மூன்று பேரும் தேய்த்துக்கொண்டோம். கடி நின்றது. அடுப்படியிலிருந்து காப்பி வந்தது.

யதிராஜன் இலையை மோந்து பார்த்தார். "எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தான் பூர்வீகம். எங்க அத்தையாத்துலகூட இது புதுசா வந்திருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்கோ அண்ணாச்சி. இந்தத் தெருவுல இனிமே சுருள் விக்காது. ஏஜென்சிய ஒங்க அண்ணனுக்கு மாத்திடச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டா. பஜார்ல போனாப் போகும்" என்றார். அண்ணன் தலையாட்டினார். நான் திரும்பிக்கொண்டு இருமினேன். புகை காரணமில்லை.

எழுந்த யதிராஜன் போகாமல் நின்றார். "ஒண்ணு கேக்கலாமா? எங்காத்துக் குழந்தைக்கு மூணு வயசு. இழுப்பு. எங்க கம்பெனிச் சுருளை ஆத்துக்குள்ளயே விடறதில்ல. கொசுவும் விடமாட்டேங்கறது. ஒரு செடி கிடைக்குமா?"

அழகுத்தாய் தட்டைக் கீழே வைத்தாள். "யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு அவிய சொல்லியிருக்காவ. அவியளக் கேளுங்க" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏஜென்சியைப் பிடுங்கிக்கொண்டு செடியும் வேண்டுமாம். கொசுவத்திக் கம்பெனிக்காரன் கொசுவுக்குச் செடி கேட்டான் என்று மேலிடத்துக்கு ஒரு வார்த்தை போட்டால் இவர் கதி என்ன ஆகும் என்றுகூட ஒரு நிமிஷம் கணக்குப் போட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இழுப்பு. ராத்திரி மூச்சுக்குத் திணறுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூணு வயசில் அதைத் தூசி என்று சொல்லிச் சமாளிக்கக்கூடத் தெரியாது.

கொடியிலிருந்த போர்வையை விலக்கி, இருந்ததிலேயே அடர்த்தியான செடியை மண்ணோடு தோண்டி எடுத்தேன். வைத்துக் கொடுக்க வேறு எதுவும் அகப்படவில்லை, ஒரு நித்திராப் பெட்டியைக் காலி செய்து அதற்குள் வைத்தேன். "வெயில்ல வைங்க, மண்ணு காயாமப் பாத்துக்கோங்க. கதிர் விட்டாக் கிள்ளிருங்க, பாவம் பாக்காதீங்க" என்றேன். யதிராஜன் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அழகுத்தாய் விளக்கேற்றினாள். அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஏலே வைகுண்டம்."

"என்னண்ணே?"

"இனி அம்புட்டுப் பெட்டியும் நம்ம வீட்டு மச்சுலதான் அடுக்கணும். ஆனா வீட்டுல ஒண்ணக்கூடக் கொளுத்த முடியாது. ஒன் மதினிக்கு ஊதுபத்தி வாடையே ஆகாது, தும்மித் தீத்துருவா." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் ரெண்டு கொப்பு குடேன்."

என் அண்ணன் எனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறார். சட்டை, கடை, சரக்கு, கல்யாணம். என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்கும்படி என்னிடம் எதுவும் இருந்ததுமில்லை. ஏஜென்சி போனது அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"விளக்கு வச்சாச்சு. இனிச் செடியில கை வைக்கப்படாது. காலைல நானே கொண்டாந்து நட்டுத் தாரேன். உக்காருங்கண்ணே, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றேன்.

அண்ணன் உட்கார்ந்தார். நான் சொல்லி அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.