பென்சிலில் போட்ட குறி

“அந்தத் தாளத் திருப்பிக் குடுங்க, கிராணி ஐயா.”

எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் கேட்கக்கூடாதது இது. ஆபீசுக்குள் போன தாளைத் திரும்பக் கேட்டால், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியை நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும். அப்புறம் லயத்துக் கூரை ஒழுகினால் யாரிடம் போய் நிற்பது? அன்று காலையில்கூட ஆபீஸ் படிக்குக் கீழே நின்று அப்பா இதையே சொன்னார். நான் ஏறினேன். அவர் கீழேயே நின்றுவிட்டார்.

மைக்கல்ராஜ் கிராணி தலையை நிமிர்த்தவில்லை. “எந்தத் தாளு?”

“ஸ்கூல் தாளு. அடுத்த வருசம் எட்டாவதுல என்னென்ன பாடம் எடுக்கறதுன்னு எழுதிக் குடுக்கணும். செவ்வாக்கெழம எங்கப்பா கொண்டாந்தாரே.”

இரண்டு நாள் யோசிக்கலாம் என்று அதை நான் வீட்டில் வைத்திருந்தேன். அப்பா எடுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். பிறப்போ, இறப்போ, அடையாளக் கார்டோ, எந்தத் தாள் வந்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் அடியில் பெருவிரலை உருட்டிவிடுவார்கள். மேலே என்ன எழுதுவது என்பது கிராணியின் பாடு. அவர் பென்சிலால் நிரப்பி வைப்பார். சனிக்கிழமை துரை பார்த்துத் தலையாட்டியதும் அதன்மேலேயே மையால் எழுதுவார். அன்று வெள்ளிக்கிழமை.

மேசையறையை இழுத்துத் தாளை வெளியே போட்டார். தையல், சமையல், சுகாதாரம். மூன்றுக்கும் நேரே அழகாகப் பென்சில் குறி. அடியில் அப்பாவின் பெருவிரல்.

“எனக்கு சயன்ஸ் வேணும். பெரிய கணக்கும் வேணும்.”

“இத யாருகிட்டச் சொன்ன?”

நியாயமான கேள்விதான். தோட்டத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை. லோரியில் டவுன் பள்ளிக்குப் போன பெண்களில் ஏழாவது வரை வந்தவள் நான் ஒருத்தி. திரும்பி வரும்போது காலி பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைய பாடத்தை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். இறங்கினால் அதைக் கேட்க ஆள் இல்லை.

“சயன்ஸ் படிச்சு என்ன பண்ணப் போற? பால்ல ஆசிட் ஊத்துனா உறையும்னு உங்காத்தாளே சொல்லுவா.”

“ஏன் உறையுதுன்னு உங்களுக்கே தெரியாது ஐயா.”

அப்போதுதான் நிமிர்ந்தார். “இந்தா பாரு. உங்க ஸ்கூல்ல லேப் கெடையாது. மத்தியானம் பையனுங்க ஸ்கூலுக்குப் போவணும், முடிய அஞ்சு மணி. நம்ம லோரி ஒன்றரைக்கே கெளம்பிரும். ஆறு மணிக்கு கேட் மூடினா கர்ஃபியூ லா. முள்ளுக்கம்பிக்கு வெளிய நிக்கறது கம்யூனிஸ்டா, சன்னாசி மவளான்னு வெசாரிச்சுட்டா பட்டாளத்தான் சுடுவான்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

“டவுன்லயே தங்கிக்கறேன். தெமியாங்ல எங்க ஆக்னஸ் டீச்சர் வீட்ல எடம் இருக்கு. வீட்டு வேல செஞ்சு குடுத்தாப் போதும்னாங்க.”

கிராணி வேறொரு நோட்டை விரித்தார். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமலிருக்கச் சர்க்கார் லயங்களைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்குள் குடியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியல். எங்கள் வீட்டுக்கு மூன்று பெயர்: சன்னாசி, பஞ்சாலை, தவமணி.

“அங்க தங்கினா உம்பேரு இங்க இருக்காது. உம்பங்கு அரிசி நின்னுரும். ஆத்தாளப் பாக்க வந்தாலும் கேட்ல நின்னு எங்கிட்ட பாஸ் வாங்கணும். வெளியாளு மாதிரி. பேர அடிச்சிரட்டுமா?”

கதவு திறந்துதான் இருந்தது. கீழே அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். மூன்றே படி. ஏறி வருவாரா என்று பார்த்தேன். அவர் தன் பெருவிரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பா, அடிக்கச் சொல்லவா?”

“கிராணி ஐயா எப்புடிச் சொல்றாரோ...” என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, “தீவாளிக்கு வருவியா?” என்றார்.

“பாஸ் குடுத்தா வருவேன்.”

மேசைமேலிருந்த அழிரப்பரை எடுத்தேன். அதுவும் எங்கள் மரத்துப் பால்தான். மூன்று குறிகளையும் அழித்தேன். என் பேனாவைத் திறந்து, வேண்டிய பாடங்களுக்கு மையிலேயே குறி போட்டேன். டவுன் முகவரிக்கு விட்டிருந்த இடத்தில் டீச்சர் வீட்டு நம்பரை எழுதினேன். சம்மதம்தான் அடியில் ஏற்கெனவே இருக்கிறதே. படிக்காமல் விரலை உருட்டும் அந்தப் பழக்கத்தை இன்றுவரை நான் வெறுக்கிறேன். பட்டம் வாங்கிய பிறகு இன்னும் அதிகமாக. அன்று அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

“தொர இன்னும் பாக்கல,” என்றார் கிராணி.

“தொரைக்கா பரீட்ச? அடிங்க ஐயா.”

பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். பட்டியலில் என் பெயரை அடிக்க அவர் பென்சிலைத் தேடவில்லை, துரையையும் கேட்கவில்லை. ஒரே கோடு.

தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். ஆபீஸிலிருந்து வருகிறவர்களுக்கு விலகுவதுபோல அப்பா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். நான் நிற்காமல் நடந்தேன்.