குளிர்த்திக்கு வந்த பேராசிரியர்

உலகத்து எழுத்தெல்லாம் ஒரே கையின் எழுத்து என்று நிறுவியவர் பேராசிரியர் பேர்சி. ஆட்டுத்தோலில் எழுதிய அபிசீனியத் துறவி, தாளில் எழுதிய கெய்ரோ மௌலவி, ஓலையில் கீறிய மட்டக்களப்புப் புலவர் மூவரையும் ஒரே மேசையில் இருத்தியவர் என்று வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று அவரைப் புகழ்ந்தது. மேசை உண்மைதான். அதன்மேல் ஓர் அடிமட்டம் கிடந்தது. சுவடியின் நீளம், அகலம், துளைக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி இவற்றை அவர் வாழ்நாள் முழுக்க அளந்து வந்தார். வாசிப்பது உதவியாளர் வேலை. பட்டணத்துப் பறங்கிக் குடும்பத்தில் பிறந்து இங்கிலீசில் படித்தவர். தமிழை வாய் நிறையப் பேசுவார், எழுத்துத்தான் தெரியாது. தமிழில் வரும் கல்யாணக் கார்ட்டை மனைவி லோர்னா வாசித்துச் சொல்லுவார்.

சுனாமிக்குப் பிறகு, கடலோரத்துச் சுவடிகளைக் காப்பாற்றும் திட்டம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. கடலோரத்தில் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே வாவியைத் தாண்டிப் பழுகாமம் என்ற ஊருக்குப் போனார். சுனாமி அங்கே வரவில்லை; பேராசிரியர் வந்தார். அந்த ஊரில் கேதீஸ்வரி வீட்டில் கண்ணகை அம்மன் ஏடு இருந்தது. வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் அதை வாசித்து அம்மனின் கோபத்தைத் தணித்து வந்தவன் அவள் கணவன் வினாயகமூர்த்தி. அலுவலாகக் கல்லடிக்குப் போன அவனைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவள் அழுதுகொண்டே ஏட்டை எடுத்துக் கொடுத்தாள். பேராசிரியர் அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அளந்ததைப் பற்றிப் பல நாடுகளில் பேசினார். வாசிப்பில்லாமலே கோயில் கதவு வருடாவருடம் திறந்து மூடியது.

இரண்டாயிரத்தொன்பது வைகாசியில் யுத்தம் முடிந்தது. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். வன்னியில் நின்ற மகன் திவாகரனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லாமல், கேதீஸ்வரி பேராசிரியர் வீட்டுக்கு வந்தாள்.

“சேர், அவர் போனதிலயிருந்து ஏடு வாசிக்கல்ல. அம்மன் கொதிச்சுக்கொண்டிரிக்கா. என்ட புள்ளையையும் அந்தச் சூடுதான் சுடுகுது. இந்தக் குளிர்த்திக்கு நீங்க வந்து வாசிக்கணும்.”

“அது பழைய சுவடி, தங்கச்சி. காத்துப் பட்டாலே உதிரும்.”

“வேற ஆரும் இல்ல சேர். உலகத்து ஏடெல்லாம் படிச்சவர் நீங்கதானாம்.”

உள்ளேயிருந்து லோர்னா சொன்னார்: “பேர்சி, உண்மையச் சொல்லி அனுப்புங்க.”

பேராசிரியர் சொன்னார்: “வாறன்.”

குளிர்த்தியன்று, பூசை முடித்த கட்டாடியார் ஏட்டை அவர் கையில் கொடுத்து, “தொடங்குங்க சேர்” என்றார். ஒரு சிறு முன்னுரை சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வதுதான் பேராசிரியரின் எண்ணம்.

“ஓலை ஒரு தளம். தோலும் ஒரு தளம். தளத்தின்மீது காலம் அமர்கிறது.”

சனம் கைகூப்பியது.

“முந்திப் பாட்டாத்தானேகா வாசிக்கிற?” என்று பின்னால் ஒருத்தி கேட்டாள்.

“அது வினாயகமூர்த்திர வாசிப்பு. இது படிச்ச ஆக்கள்ர வாசிப்பு. சும்மா இரிகா.”

“ஒண்டும் விளங்குதில்லையே.”

“விளங்கினா அது ஏடா?”

“கயிறு அறுந்தால் நினைவும் அறும்” என்ற இடத்தில் கேதீஸ்வரி நிலத்தில் விழுந்து கதறினாள். அதற்குமேல் அவரால் நிறுத்த முடியவில்லை. அபிசீனியாவின் ஆடுகள், தாளைத் தின்னும் பூச்சி, ஈரப்பதன் என்று போய், தன் கெய்ரோ உரையின் முடிவுரையில் வந்து நின்றார். கட்டாடியார் வேப்பிலையால் தண்ணீர் தெளித்தார். “அம்மன் குளிர்ந்திட்டா” என்றார். கதவு அடுத்த வைகாசிவரை மூடப்பட்டது.

கேதீஸ்வரி முகாம் முகாமாகப் போய் விசாரித்தாள். எங்கும் அவன் இல்லை. ஆவணியில் மறுபடி பேராசிரியரிடம் வந்தாள். குற்றம் சொல்ல வரவில்லை.

“சேர், அண்டைக்கு எங்கயாவது ஒரு வரி விட்டிட்டீங்களோ? விட்டிருந்தா அம்மன் முழுசாக் குளிர்ந்திருக்க மாட்டா. புள்ள வராததுக்கு அதுதான் காரணமாயிரிக்கும். வாற வைகாசி திருப்பி வாசிச்சா வந்திருவான்.”

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் வேலையில் பிழை இருப்பதாக இதுவரை எந்த நாட்டிலும் யாரும் சொன்னதில்லை.

“நான் ஒரு எழுத்தும் விடல்ல, தங்கச்சி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சேர். ஒரு வரியாவது.”

“முழுக்க வாசிச்சன்.”



“அப்ப அவன் இல்ல” என்றாள்.

லோர்னா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து, கேற்றைச் சாத்திவிட்டுப் போனாள். பேராசிரியர் வழியனுப்ப எழும்பவில்லை. அவர் உடுத்திருந்தது, வாசித்ததற்காகக் கோயிலில் கொடுத்த வேட்டி.