மஜீது பாயின் எடை

பிணம் சுமக்கும் சந்தூக்கின் காலை மஜீது பாயின் மகள் தாஹிரா பிடித்திருந்த பிடியை விடுவிக்க, ஹார்பரில் இருக்கும் அத்தனை கிரேன்களையும் ராயபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்திருந்தாலும் முடிந்திருக்காது.

"அத்தாவ யாரும் தூக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கே திருப்பி எடுத்துனு போங்க. அறுத்துப் பாத்து, அந்த டாக்டரு இன்னா பண்ணான்னு சொல்லட்டும். அப்பால மண்ணு போட்டுக்கலாம்."

குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்தி மஜீது பாய் தயாராகக் கிடந்தார். தூக்க வந்த ஹார்பர்காரர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அவரோடு ஆயுசு முழுக்க மூட்டை தூக்கிய மதார் சாகிப் கூரையைப் பார்த்துச் சொன்னார்:

"ஏற்கெனவே ஒரு தபா அறுத்துட்டாங்கம்மா. மனுசன் இன்னும் எத்தினி தபா வாங்குவான்? அஸர் தொழுகைக்குள்ள அடக்கணும்."

"உனுக்கு இன்னா மாமு அவ்ளோ அவசரம்?"

மதார் சாகிப் மறுபடி கூரையைப் பார்த்தார். பேசினால் அவரும் சந்தேகத்துக்குரியவர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவார். தாஹிராவின் சந்தேகம் டோல்கேட் வரைக்கும் பிரசித்தம். பால்காரன் அவள் வீட்டு வாசலில் கறக்கும்போது மாட்டையே உற்றுப் பார்ப்பாள். மாடு வெட்கப்பட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே சுரக்கும். ஒரு வருஷம் ரம்ஜான் பிறை தெரிந்ததாகப் பள்ளிவாசலில் அறிவித்தபோது, பார்த்தவன் கண்ணாடி போட்டவனா என்று விசாரித்துவிட்டுத்தான் சேமியாவை அடுப்பில் ஏற்றினாள்.

அப்படிப்பட்டவள் அந்த டாக்டரை மட்டும் விடுவாளா?

மஜீது பாய் கப்பலின் அடித்தட்டில் விழுந்து முதுகை முறித்துக்கொண்டது போன மழைக்காலத்தில். அதற்கு முன்னால் அவர் எப்பேர்ப்பட்ட ஆள்! முதுகில் ஒரு மூட்டை, அதன் மேல் இன்னொரு மூட்டை, அதன் மேல் பீடி பிடித்தபடி மேஸ்திரி என்று ஏற்றிக்கொண்டு பலகை மேல் ஓடுவார் என்பார்கள். விழுந்த பிறகு, முதுகெலும்பிலிருந்து ஏதோ பிதுங்கி நரம்பை அழுத்த, கால்கள் அடிக்கடி மரத்துப்போயின. கத்தி வைத்தால் பழையபடி நடக்கலாம் என்றார்கள்.

ஆனால் அந்த டாக்டர் எடுத்த எடுப்பில் கத்தியைத் தொடவே இல்லை. என் விரலை அழுத்திப் பிடி என்றார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திரு என்றார். சுவர்வரை நடந்து திரும்பச் சொன்னார். எடை பார்த்தார். கூடப் போன தாஹிராவிடம், எவ்வளவு சாப்பிடுகிறார், இளைத்தாரா, தடுக்கி விழுகிறாரா, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். முதுகு வலிக்கிறது என்று வந்தவனிடம் சோற்றுக் கணக்கு எதற்கு? பெண் பார்க்க வந்த சம்பந்தி கூட இத்தனை கேட்கமாட்டான். ஏழையைத் திருப்பி அனுப்பிவிட்டு, யானைக்கவுனி சேட்டு யாருக்காவது கட்டிலைத் தரத்தான் சாக்குத் தேடுகிறான் என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

கடைசியில் கத்தி வைத்தார்கள். கண் விழித்து டீ கேட்டார். மறுநாள் சளி கட்டியது. இருமித் துப்பக்கூட உடம்பில் தெம்பில்லை. போய்விட்டார்.

"டாக்டரு மேல தப்பு இல்லக்கா," என்றான் ஜெயவேல். அந்த ஆஸ்பத்திரி வார்டுபாய். கட்டில் பிடித்துக் கொடுத்தவன். சாவுக்கு வந்து செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தான்.

"வாடா. ஒன்னத்தான் தேடிகினு இருந்தேன்."

"ஒடம்பு பலகீனமா இருந்தா கத்தியத் தாங்காது. அதுக்குத்தான் அந்தக் கேள்வியெல்லாம். எத்தினியோ பேர வேணாம்னு அனுப்பிகீறாரு. பாய்க்கும் ரெண்டு மனசாத்தான் இருந்தாரு. நாந்தான் தராசுல ஏத்தினேன், எடை நல்லா நின்னுச்சு. நீயும் சொன்ன."

"நா இன்னா சொன்னேன்?"

"இளைக்கறதா, போன பெருநாள் சட்டை பத்த மாட்டுதுன்னு. விழறதுக்கு முந்தி மாடிப்படி ஓடியே ஏறுவாருன்னு."

தாஹிராவின் வாய் திறந்தபடி நின்றது. அவள் வாய் அப்படி வேலையில்லாமல் திறந்திருந்ததை ராயபுரம் அதுவரை கண்டதில்லை. பிறகு, ஓடுகிற திருடனை எட்டிப் பிடிப்பதுபோல் ஒரு கேள்வியை எட்டிப் பிடித்தாள்.

"நா சொன்னது கெடக்கட்டும். எடை எப்டிடா நின்னுச்சு? அத்தா நார் மாதிரி இளைச்சிட்டாரு. எனுக்குத் தெரியாதா? இன்னாத்துக்குடா தராசுல கை வெச்ச? யாரு வெக்கச் சொன்னாங்க?"

"அல்லா மேல சத்தியமா, எங்க கங்கையம்மா மேல சத்தியமா..."

"சத்தியம் பண்றவன்தான் மொத திருடன்! மாமு, இவன் கையப் புடி. போலீஸு வரட்டும்."

ஹார்பர்காரர்கள் இரண்டு பேர் ஜெயவேலை நெருங்கினார்கள். செருப்பு அவன் கையிலிருந்து விழுந்தது.

"அவன வுடு." மூலையிலிருந்து மஜீது பாயின் மனைவி காத்தூன் பீவியின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் பேசிய முதல் சொல் அதுதான். "நாந்தான் கட்டி வுட்டேன்."

"இன்னாம்மா கட்டி வுட்ட?"

"இரும்பு. கப்பல் கொக்கி. வூட்ல கெடந்துச்சில்ல... அத்த துணியில சுத்தி இடுப்புல. மேல ரெண்டு பனியன், சட்டை. துணியோடதான எடை பாத்தாங்க."

காத்தூன் பீவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹார்பர் கேட்ல மேஸ்திரி ஆளு பொறுக்கற மாதிரிதான் இதுவும்னாரு ஒங்க அத்தா. தோளத் தொட்டுப் பாப்பான், தொளதொளன்னு கெடக்கறவனத் தள்ளிடுவான்னாரு. ஒரு வாரம் அந்த நாக்காலில ஒக்காந்து ஒக்காந்து எழுந்தாரு. வேர்த்துக் கொட்டும். எழுந்துட்டேன் பாத்தியாடீன்னு சிரிப்பாரு. வேணாங்கன்னு சொல்லத் தெரில எனுக்கு."

சுவரோரம் நின்றவர்கள் ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. விடிகாலையில் கேட்டுக்கு முன்னால், காய்ச்சலோடு வெற்றிலை போட்டு உதட்டைச் சிவக்க வைத்துக்கொண்டு, வயிற்றில் துண்டைச் சுற்றிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்காதவர் அவர்களில் எவரும் இல்லை.

தாஹிரா அம்மாவைப் பார்த்தாள். ஜெயவேலைப் பார்த்தாள். இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தேடுவதுபோல் அவள் கண் அறையைச் சுற்றி வந்தது. பிறகு சந்தூக்கின் காலிலிருந்து அவள் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி, வழி விட்டாள்.

மதார் சாகிப் பிஸ்மில்லா சொன்னார். ஹார்பர்காரர்கள் காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, பழைய மஜீது பாயைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். சந்தூக்கு தோளில் நிற்காமல், தலைக்கு மேலே துள்ளி எழும்பிவிட்டது. அவசரமாகக் கீழே இறக்கித் தோளில் வைத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வாசற்படி தாண்டினார்கள். அவ்வளவு பேரும் முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, பெரும் பாரத்தைச் சுமப்பவர்களைப் போலவே தெருமுனைவரை நடந்தார்கள்.