மாடிக்குப் போய்ச் சாப்பிட்டுப் பாருங்க

முட்டையும் பாலும் கலந்த கலவையை அவள் இரண்டாவது முறையாக வடிகட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர் தண்ணியையே ஸ்பூன்லதான் குடுக்கச் சொல்லியிருக்காரு. நீ பாட்டுக்கு விருந்து சமைக்கிறியேம்மா."

"நாலு நாளா எதுவும் வேணாம்னவரு, இன்னிக்கு வாயைத் திறந்து கேட்டிருக்காரு. நீ போய் அப்பா பக்கத்துல உக்காரு."

மகள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இன்றோ நாளையோ என்று டாக்டர் கைவிரித்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் காலையில் கணவர் கண்ணைத் திறந்து, "காளான் கஸ்டர்ட்... இலையோட" என்றபோது அவளுக்குப் பத்து வயது குறைந்துபோனது. காளானைப் பொடியாக நறுக்கி, அது விட்ட தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை வெண்ணெயில் வதக்கினாள். சின்னக் கிண்ணங்களில் பங்கிட்டு, மேலே கலவையை ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, சிறு தீயில் மூடிவைத்தாள்.

அவர் பல் கட்டுகிறவர். கீழே கடை, மாடியில் வீடு. முப்பத்திரண்டு வருடத்தில் ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கையால் ஆனது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். "சொல்லு கிடக்கட்டும், சாப்பாடு போச்சே" என்பார் அவர். புதுப் பல்செட் மாட்டிய யாரையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பியதில்லை. "மாடிக்குப் போய்ச் சாப்பிட்டுப் பாருங்க" என்று மேலே ஏற்றிவிடுவார். முதலில் மெத்தென்று ஒன்று, அது பழகியதும் மொறுமொறுவென்று ஒன்று. கஞ்சி வைக்கட்டுமா என்று அவள் ஆரம்பத்தில் கேட்டதற்கு, "கஞ்சி குடிக்கப் பல்லு எதுக்கு?" என்றார். அப்புறம்தான் ஒரு பத்திரிகையைப் பார்த்து இந்தக் கஸ்டர்டைச் செய்து, மொறுமொறுப்புக்குப் பச்சை லெட்யூஸ் கீரையின் இலையைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு தடவை தீ அதிகமாகி, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வெந்தது. மூன்றாவது தடவை கை பழகிவிட்டது.

அந்த நாட்களில் வீடு சந்தையாக இருக்கும். வந்தவரோடு அவரும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்காருவார். வழித்துச் சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கு ஆள் ஒரே பாட்டுத்தான்: "இன்னும் சரியா உட்காரலையே. நாளைக்கு ஒரு தடவை பார்க்கணும்." அவரும் மும்முரமாகத் தலையாட்டுவார். பேச்செல்லாம் பல்லைப் பற்றி. சமையலைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வராது. அப்போது அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை. கடையை மூடி, வீடு அமைதியான பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. இன்றைக்காவது அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். விட்டால் வேறு யாரிடம் கேட்பது?

மூடியைத் திறந்தாள். கஸ்டர்டின் நடுப்பாகம் மட்டும் லேசாகத் தளும்பியது. அடுப்பை அணைத்தாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஊதிக்கொண்டே எடுத்துப் போனாள். ஈரம் போக உதறிய லெட்யூஸ் இலைகளை அவர் கண்முன்னால்தான் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்துப் பிசறினாள். முன்கூட்டியே பிசறினால் துவண்டுவிடும்.

"பல்லு" என்றார்.

"கஸ்டர்டுக்கு எதுக்குப்பா பல்லு?" என்றாள் மகள்.

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் தலைமாட்டு டம்ளரிலிருந்து அவருடைய பல்செட்டை எடுத்து மாட்டிவிட்டாள். ஒட்டிய கன்னம் நிமிர்ந்து, பழைய முகம் கொஞ்சம் திரும்பி வந்தது. இரண்டு ஸ்பூன் இறங்கியது. மூன்றாவதுக்கும் வாயைத் திறந்தார். அப்புறம் ஒரு இலை. அதை வெகுநேரம் மென்றார், விழுங்க முடியவில்லை. அவள் உள்ளங்கையை நீட்ட, அதில் துப்பினார்.

"எப்படி இருக்கு?" கேட்டேவிட்டாள்.

நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். "சரியா உட்காரல. நாளைக்கு... ஒரு தடவை பார்க்கணும்."

"நான் பல்லைக் கேக்கலைங்க!"

குரல் உயர்ந்துவிட்டது. அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. அவள் விருட்டென்று எழுந்து கை கழுவப் போனாள். கோபத்தில் வேண்டுமென்றே நேரமெடுத்துக் கழுவினாள். திரும்பி வந்தபோது மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. நான்கு மணிக்கு அவரை எடுத்துப்போக வண்டி வருவதாக ஏற்பாடு. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவருடைய ஆட்கள். அழும்போதுகூட பல்வரிசையில் ஒரு குறை சொல்ல முடியாது. போகிற மனுஷனிடம் கத்திவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார்.

"கடைசியா ஏதாவது சாப்பிட்டாராம்மா?"

"கஸ்டர்ட். மூணு ஸ்பூன்."

"ஏதாவது சொன்னாரா?"

"என்ன சொல்வாரு? அந்த நேரத்துலயும் பல்லுதான். சரியா உட்காரல, நாளைக்கு ஒரு தடவை பார்க்கணும்னாரு."

தபால்காரர் அவள் முகத்தையே பார்த்தார். "உங்களுக்கு இன்னுமா தெரியாது?"

"என்ன?"

"அவர் கட்டின பல்லு யாருக்கும்மா உட்காராம இருந்துச்சு? எனக்கு முதல் நாளே கச்சிதம். அந்தக் கஸ்டர்ட் இன்னொரு நாள் கிடைக்குமா, உங்ககிட்ட கேக்கக் கூச்சமா இருக்குன்னு அவர்கிட்ட சொன்னேன். 'எனக்கும் அதே கதைதான். கட்டினவகிட்டயே கேக்க வாய் வரல. நீ சரியா உட்காரலன்னு சொல்லு, நாளைக்கும் செய்வா, எனக்கும் ஒரு கிண்ணம் ஆச்சு'ன்னு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. எல்லாருக்கும் அதே பாடம்தான். நான் பதினோரு நாள் வந்தேன்."

பக்கத்தில் இருந்த தையல்கார அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் பதினஞ்சு" என்றாள்.

அவள் எழுந்தாள்.

"எங்கம்மா போற?" என்றாள் மகள்.

அவள் சமையலறை வாசலில் நின்று திரும்பி, கூடத்தில் இருந்த தலைகளை எண்ணினாள். வண்டி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பெரிய பாத்திரத்தை இறக்கி வைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்ற ஆரம்பித்தாள்.