சந்தா கட்டாத சேலை

ஸ்வர்ணலதா நெய்த மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் ‘இது திருட்டுப் பிரதி’ என்ற எழுத்துகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முந்தியிலிருந்து கிளம்பி, சேலை முழுக்க நடந்து, கொசுவத்துப் பக்கம் போய் மறைந்தன. சேலையின் எடை எழுநூற்று இருபது கிராம். எழுத்துக்கென்று தனி எடை இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். ஆரணியில் நெய்கிறவர்கள் செல்போனைத் தறிச்சட்டத்தில் கழிவு நூலால் கட்டி, படம் ஓடவிட்டுத்தான் நெய்வார்கள். அப்போது வந்த ஒரு புதுப்படத்தைப் போனில் காட்ட, அதை வெளியிட்ட கம்பெனி மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் சந்தா கேட்டது. “ஒரு படத்துக்கு அரை சிலிண்டர் காசா?” என்று அவள் புருஷன் குமரேசன் கொதித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் இருபது ரூபாய்க்கு மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்தான். பதினோரு நாள் அதே படம். கம்பெனி போட்டு வைத்த எச்சரிக்கை எழுத்து திரையில் ஓடிற்று. பன்னிரண்டாம் நாள் பட்டிலும் ஓடிற்று. நெசவுப் பிழை என்று நினைத்த ஸ்வர்ணலதா ஊசியால் இழையைப் பிரிக்கப் பார்த்தாள். எழுத்துகள் நகர்ந்து வழிவிட்டன. ஊசியை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

அவளுக்குக் கவலை சேலை மட்டுமல்ல. அதிலிருந்த கொண்டை மைனா டிசைன் அவளே மூன்று வாரம் யோசித்துப் போட்டது. முந்தைய இரண்டு டிசைன்களையும் முப்பது விசைத்தறி வைத்திருந்த ராஜவேலு காப்பியடித்து மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்றிருந்தான். இதுவும் போனால் தறியைப் பிரித்துவிட்டு அவன் ஷெட்டுக்கே கூலிக்குப் போக வேண்டியதுதான்.

வெயிலில் எழுத்து வெளுக்குமா என்று சேலையை வாசலில் விரித்ததுதான் தப்பு. வேடிக்கை பார்க்க கண்ணமங்கலத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தது. ராஜவேலுவும் வந்தான். எல்லோரும் எழுத்தைப் படம் பிடித்தார்கள். அவன் மைனாவைப் பிடித்தான். பத்தாம் நாள் அவனிடம் அதே மைனா போட்ட எண்பது சேலை.

“எழுத்த பாக்க வந்தவன் டிசைன தூக்கினு பூட்டான்யா!” என்று ஸ்வர்ணலதா கத்தினாள்.

“நாம மட்டும் இன்னா யோக்கியம்?” என்று குமரேசன் கேட்டுவிட்டு, அன்றிரவு சோறு கிடைக்குமா என்ற யோசனையில் ஆழ்ந்தான்.

அவள் போனை எடுத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பதைக் கட்டினாள். பணம் போய்ச் சேர்ந்ததாக மெசேஜ் வந்த நொடியில் எழுத்துகள் சேலையை விட்டு இறங்கின. எறும்பு வரிசை மாதிரி படி தாண்டி, சாக்கடை ஓரமாகவே நடந்து, ராஜவேலு ஷெட்டுக்குள் நுழைந்து எண்பது சேலையிலும் ஏறிக்கொண்டன.

மூன்றாம் நாள் அவன் வந்து நின்றான். “அக்கா, பேஜாரா பூச்சு. கடைக்காரங்க அத்தினியும் திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க எழுத்த கூப்ட்டுக்கங்க.”

“நான் அனுப்பலியே. அதுவா பாத்து வந்துகீது.”

“இப்ப இன்னாதான் பண்றது?”

“நான் பண்ணததான். மாசாமாசம் எனக்கு கட்டு, அஞ்சாந் தேதிக்குள்ள.”

“எவ்ளோ?”

ஐயாயிரம் என்று வாய் வரைக்கும் வந்தது. மெமரி கார்டு ஞாபகம் வந்து அதை விழுங்கினாள். “ரெண்டாயிரம். மேல கேட்டா நீ வேற திருட்டு வழி தேடிகினு போவ.”

அவன் கட்டினான்; எழுத்து மறைந்தது. அவள் தறி பிரிபடாமல் அதே இடத்தில் ஓடிற்று.

இது நடந்து மூன்று வருடமாகிறது. போன மாதம் பெரணமல்லூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணின் அத்தை கட்டியிருந்த மைனாச் சேலையில், தோள் மேல் ‘இது திருட்டுப் பிரதி’ மெல்ல ஏறிற்று. மேளம் நிற்கவில்லை. அத்தை குனிந்து பார்த்தாள்.

“இன்னிக்கு தேதி ஆறா?” என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். “ராஜவேலு மறந்துட்டான் போலகீது. யாராச்சும் போன் பண்ணுங்க.”

சொல்லிவிட்டு அட்சதையைத் தூவினாள். பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுத்து போய்விட்டிருந்தது.