கப்பல் சமையல்காரரின் நான்காம் பாகம்

அக்கா இறந்த அன்று அவள் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாள், எச்சில் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தாள். "மனசுக்குள்ளயே வெச்சுக்காதே, வாய்விட்டு அழுதுடு" என்று பெரியம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள். அழவேண்டும் என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. தும்மல் வரப்போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. சரி என்று மிச்ச கிளாஸ்களைக் கழுவப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாளே வேலைக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பேர், ஐம்பது பேர். கையைத் திருப்புங்க, அசையாதீங்க, அவ்வளவுதான், எழுந்துக்கலாம். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்டாள், தூங்கும் நேரத்தில் தூங்கினாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அவள்தான் எதிலும் இல்லை.

அக்காவுக்கு ஒரே மகள், பதினோரு வயது. வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா போய் மூன்றாவது வாரம், குட்டி போன் செய்தாள்.

"சித்தி, நாலாம் பாகம் வாங்கித் தர்றேன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. மூணு வரைக்கும் படிச்சிட்டேன். அஞ்சு வீட்ல இருக்கு. நாலு இல்லாம அஞ்சைப் படிக்க முடியாதே?"

ஒரு கப்பல் சமையல்காரரும் அவருடைய ஒற்றைக்கண் பூனையும் துறைமுகம் துறைமுகமாகப் போய்த் திருட்டுகளைக் கண்டுபிடிக்கிற கதை. மொத்தம் ஐந்து பாகம்.

"பாக்குறேன்டா" என்றாள்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாளே ஒழிய, எங்கே போய்ப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் படித்த புத்தகமெல்லாம் அக்கா கொடுத்ததுதான். "இந்தா, இதைப் படி, அழுது தொலைக்காதே" என்று மடியில் போடுவாள். படித்து முடித்தால் அடுத்தது வரும். முப்பத்து நான்கு வயதாகியும் சொந்தமாக ஒரு புத்தகக் கடைக்குள் அவள் நுழைந்ததில்லை.

சனிக்கிழமை வேலை மதியத்தோடு முடிந்துவிடும். அந்தச் சனிக்கிழமை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பெரிய கடைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, ஏசி, சீருடை போட்ட பெண்கள். ஒருத்தி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அதை இப்போ அச்சடிக்கிறதே இல்ல மேடம். பழைய புத்தகக் கடையில கேட்டுப் பாருங்க."

"அது எங்கே இருக்கு?"

"கோர்ட் பக்கம் நடைபாதையில போடுவாங்கன்னு கேள்வி."

அடுத்த சனிக்கிழமை கோர்ட் பக்கம் போனாள். தார்ப்பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முழுக்கச் சட்டப் புத்தகமும் பரீட்சை கைடும். நீலத் தார்ப்பாய்க்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, நூலகத்தில் கழித்த புத்தகங்களை மாதத்தின் முதல் சனிக்கிழமை சைக்கிள் ஷெட்டில் வைத்து விற்பார்கள் என்றார். அங்கே போனபோது, பொறுப்பிலிருந்த அம்மாள் பழைய பேப்பர் கடை ஒன்றைக் கைகாட்டினார். அந்தப் பேப்பர் கடைக்காரர் பிள்ளைகள் புத்தகத்தை மட்டும் எடைக்குப் போடாமல் தனியாக எடுத்துவைப்பவர். காரணம் கேட்டதற்கு, "என் வீட்டுக்காரம்மா படிக்கும். படிச்சு முடிச்சாத்தான் விற்கலாம்னு உத்தரவு" என்றார். அவரும் கையை விரித்தார்.

இப்படியே ஐந்து மாதம் ஓடியது. சனிக்கிழமை வந்தால் கால் தானாகக் கிளம்பிவிடும். ஆசையும் இல்லை, அலுப்பும் இல்லை. சும்மா வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு, நடந்துகொண்டே சுவரைப் பார்க்கலாம். சுற்றி முடித்ததும் அக்கா வீட்டுக்குப் போய்க் கணக்கு ஒப்பிப்பாள். இன்னிக்கு இந்தக் கடை, இப்படிச் சொன்னாங்க, கிடைக்கல. குட்டி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். மாமா காபி போட்டுக் கொடுப்பார். அக்காவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. ஏழு மணிக்கு அவள் கிளம்பிவிடுவாள்.

தையல்கடைக்கு மேலே, மாடியில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர், தனி ஆள். பேச்சுத் துணைக்கு யார் கிடைத்தாலும் விடமாட்டார். அவள் மூன்றாவது முறை அந்தப் படியேறிப் போனபோது மேலிருந்து தடாலென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஏணி ஒருபக்கம், அவர் ஒருபக்கம், மேல்தட்டுக் கலைக்களஞ்சியம் பூராவும் அவர் காலின்மேல்.

"ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல. கையை ஊன்றிட்டேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

அவள் அவருடைய வலது மணிக்கட்டைப் பார்த்தாள். வளைந்த கரண்டி மாதிரி இருந்தது. இதற்குப் படம் எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

"அசைக்காதீங்க சார். உடைஞ்சிருக்கு."

"பார்த்ததுமே எப்படிச் சொல்றீங்க?"

"நான் பாக்குற வேலையே அதுதான்."

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, மடித்து, கைக்கு அடியில் கொடுத்து, தன் துப்பட்டாவால் கழுத்தோடு கட்டினாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். போன் போட்டு ஆட்டோ வரவழைத்தாள். டியூட்டியில் இருந்த பெண்ணிடம் பேசி, உடனே பார்க்கச் சொன்னாள். ஆட்டோவில் ஏறியவர் பாதி இறங்கினார்.

"கடை திறந்து கிடக்கும்மா. நாலு மணிக்கு வேற ஒருத்தர் வர்றேன்னாரு. நான் போயிட்டு வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்பீங்களா? சும்மா உட்கார்ந்தாப் போதும்."

சும்மா உட்காருவதில் அவளை அடிக்க ஆளில்லை. போய் உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு கல்லூரி மாணவி வந்தாள். ஏதோ பரீட்சைக்கான கைடு வேண்டுமாம்.

"இங்க இருக்காது. கோர்ட் பக்கம் போங்க. முதல் ரெண்டு பேரும் அட்டையை மாத்திப் பழசைப் புதுசுன்னு கொடுத்துடுவாங்க. மூணாவதா நீலத் தார்ப்பாய். அவரு ஏமாத்தமாட்டாரு."

அடுத்து, கைக்குழந்தையோடு ஒரு பெண். கெட்டி அட்டைப் படப் புத்தகம் கேட்டாள். பேப்பர் கடைக்கு வழி சொன்னாள். "கடைக்காரர்கிட்ட கேட்காதீங்க, அவரு வீட்டம்மாகிட்ட கேளுங்க. எது எங்கேன்னு அந்தம்மாவுக்குத்தான் தெரியும்." நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர் பெரிய எழுத்து அகராதி தேடி வந்தவர். கண் ஆபரேஷன் ஆனவர். பஸ் நிலையக் கடையில் புதிது இருக்கிறது, இரண்டாவது மாடி, லிஃப்டுக்கு இடப்பக்கம், ஆனால் வாங்காதீர்கள், நூலக ஷெட்டில் அதே பதிப்பு வரும், அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கே போய்விடுங்கள் என்றாள். அவர் பையிலிருந்து காகிதம் எடுத்து எழுதிக்கொண்டார். "நீங்க இந்த ஊர்ப் புத்தகக் கடையெல்லாம் கரைச்சுக் குடிச்சிருக்கீங்கம்மா" என்றார்.

அவர் போனபிறகு தொண்டை வறண்டிருப்பது தெரிந்தது. எவ்வளவு பேசிவிட்டோம் என்று நினைத்தாள். அதில் சந்தோஷப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள்.

ஐந்தரைக்குக் கடைக்காரர் மாவுக்கட்டோடு படியேறி வந்தார்.

"வியாபாரம் ஏதாச்சும் ஆச்சா?"

"மூணு பேர் வந்தாங்க சார். மூணு பேரையும் வேற கடைக்கு அனுப்பிட்டேன்."

அவர் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்கம்மா, வலிக்குது" என்று சுவரில் சாய்ந்து சிரித்தார். அவளுக்கும் உதடு கொஞ்சம் கோணிக்கொண்டது.

செய்த உதவியை அவர் மறக்கவில்லை. இடது கையாலேயே தெரிந்த வியாபாரிகளுக்கெல்லாம் போன் போட்டார். இரண்டு வாரம் கழித்து அவள் போனபோது நான்காம் பாகம் மேஜைமேல் இருந்தது. முதுகு கிழிந்து டேப் ஒட்டிய பிரதி. பக்கம் எல்லாம் சரியாக இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா வெளியே போயிருந்தார். குட்டி புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். துள்ளிக் குதிக்கவில்லை. நடுவில் திறந்து ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மூடினாள்.

"என்னடா, பிடிக்கலையா?"

குட்டி தரையைப் பார்த்தாள். "படிச்சிட்டேன் சித்தி."

"எப்போ?"

"ரொம்ப நாள் ஆச்சு. நீங்க தேட ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே. என் கிளாஸ்ல ஒருத்திகிட்ட இருந்துச்சு. அஞ்சும் படிச்சிட்டேன்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"தேடினாத்தானே சனிக்கிழமை வருவீங்க? அப்பா பேசவே மாட்டேங்கிறாரு." குட்டி புத்தக முதுகின் டேப்பை நகத்தால் சுரண்டினாள். "கிடைச்சிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்."

கோபம் வந்திருக்கலாம். அழுகையாவது வந்திருக்கலாம். நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு சாமான் இடம் மாறுகிற மாதிரி ஓர் அசைவு, அவ்வளவுதான். இந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள். கை இறுகிப்போய் நெடுநேரம் விடவில்லை.

"செருப்பைப் போடு" என்றாள்.

"எங்கே?"

"அஞ்சு மாசமா வாயால சொல்லிட்டிருந்தேன்ல. நேர்ல காட்டுறேன், வா."

மாமாவுக்குப் போனில் தகவல் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். நீலத் தார்ப்பாய்க்காரர் குட்டிக்கு ஒரு பழைய தேசப்படத்தைச் சும்மா கொடுத்தார். பேப்பர் கடை வீட்டம்மா, கப்பல் சமையல்காரரின் முதல் பாகம் தன்னிடம் இருக்கிறது, ஆனால் தரமாட்டேன் என்றார். அதன் முடிவை முதலில் ஊகித்தது யார் என்று குட்டியும் அவரும் கால்மணி நேரம் சண்டை போட்டார்கள். அவள் எடைத்தராசுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் குட்டி தவளைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். தவளை எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது குட்டி கேட்டாள், "அம்மாவுக்கு இந்தப் பேப்பர் கடை தெரியுமா சித்தி?"

அவள் யோசித்தாள். அக்கா எங்கே வாங்குவாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன்."

"அப்போ இது நாம கண்டுபிடிச்சது."

"ஆமா" என்றாள்.

காலையிலிருந்து நின்றதில் கால் வலித்தது. நன்றாகவே வலித்தது. பக்கத்துக் கடைத்திண்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். குட்டி அருகில் உட்கார்ந்து தவளைப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். அடுத்த பஸ் நல்ல கூட்டமாக வந்தது. ஏறவில்லை, அதற்கடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.